நீர்ப்பறவைகளின் கணக்கு

விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் புகைவண்டி சங்கரன்கோவிலை விட்டுப் பாம்புக்கோவில் சந்தையைக் கடந்து கடையநல்லூரை அணுகுங்கால், சாளரத்தருகே அமர்ந்திருப்போர் நிலத்தின் தோற்றம் மாறுவதைக் காண்பர். அதுவரை வறண்டு கிடந்த பூமி வயலும் தோப்புமாகப் பசுமை கொள்கின்றது; மேற்கே மலைத்தொடர் நெருங்கி வருகின்றது; ஆங்காங்கே குளங்கள் தோன்றி மறைகின்றன. மார்கழி, தை மாதங்களாயின் அக்குளங்களில் நாமக்கோழிகள் கரும்புள்ளிகள் போல மிதக்கும். கொக்கும் நாரையும் கரையோரத்தில் வரிசையிட்டு நிற்கும். ஒருமுறை எம்முடன் பிரயாணஞ் செய்த அன்பர் ஒருவர் அக்காட்சியைக் கண்டு, “எத்துணைப் பறவைகள்! இவற்றிற்கு என்ன குறை?” என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. குறை உண்டோ இல்லையோ என்பதைக் காட்சியினின்றும் அறிய இயலாது என்பதும், அறிதற்குரிய வழி வேறு என்பதும் எமது கொள்கை.

தாமிரபரணிப் பிரதேசத்துக் குளங்களிலுள்ள நீர்ப்பறவைகளை எண்ணும் வழக்கம் 2011-ம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் பிற இயற்கை அன்பர் சங்கங்களோடு கூடி, ஜனவரி மாதத்தில் தொண்டர்களைப் பல குழுக்களாகப் பிரித்துத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஜில்லாக்களின் குளங்களுக்கு அனுப்புகின்றனர். (தென்காசி தனி ஜில்லாவானது 2019-ம் ஆண்டு நவம்பரில்தான், பறவைகள் அவ்வெல்லையை இன்னும் அறிந்தில.) கல்லூரி மாணவரும் விடியற்காலைப் பனியில் கரைமீது நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து எண்ணுகின்றனர். அது மிக நல்ல முயற்சி. அதனைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும் மொத்தத் தொகை பத்திரிகையில் வெளிவந்தவுடன், சென்ற ஆண்டினும் மிகுந்தால் மகிழ்ந்தும் குறைந்தால் வருந்தியும் நாம் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகின்றோமே, அதுதான் போதாது என்கின்றோம். ஒருவனுடைய வரவும் செலவும் இன்னவென்று அறியாது, அவன் பெட்டியில் இன்று கிடக்கும் பணத்தை மட்டும் எண்ணி, அவன் செல்வனோ கடனாளியோ என்று கூறத் துணிவார் யார்?

இதனைத் தெளிவுறக் காண்பதற்கு நேயர்களை நம் குளங்களினின்றும் நெடுந்தூரம் அழைத்துச் செல்லவேண்டியிருக்கின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் பறவைகளின் வரவு செலவு பிறவற்றோடு கலவாது தனித்து நிற்பதால், ஆராய்ச்சிக்கு அது ஏற்ற இடம். பசிபிக் மகாசமுத்திரத்தில் ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் வடமேற்கே லேசான் என்னும் சிறு தீவு உளது. பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர், நடுவே கடல்நீரினும் உப்பு மிகுந்த ஓர் ஏரி, அவ்வளவே. அத்தீவில் ஒரு வாத்தினமும், பறக்கும் ஆற்றலை இழந்துவிட்ட ஒரு சிறு தாழைக்கோழியினமும் வாழ்ந்தன. 1903-ம் ஆண்டளவில், வியாபார நோக்கத்தோடு அங்கே முயல்களைக் கொணர்ந்து விட்டனர். முயல்கள் பெருகின, புல், பூண்டு, செடி அனைத்தையும் தின்று தீவை மணற்காடாக்கின. 1912-ம் ஆண்டில் வாத்துக்கள் ஏறத்தாழப் பன்னிரண்டே எஞ்சின. 1923-ல் முயல்களை ஒழித்தபோது வாத்து மயிரிழையில் தப்பிற்று. தாழைக்கோழியோ லேசானினின்றும் அற்றுப்போயிற்று.

தாழைக்கோழிக்கு வேறோர் அடைக்கலம் இருந்தது. 1891-ம் ஆண்டிலேயே அவற்றுட் சிலவற்றை மிட்வே என்னுந் தீவிற் கொண்டுபோய் விட்டிருந்தனர். அங்கே அவை நன்கு பெருகியுமிருந்தன. ஓரிடத்தில் வித்து அழியினும் மற்றோரிடத்தில் உளது என்னும் ஆறுதல் இருபது ஆண்டுகள் நிலைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல், எலிகள் அத்தீவில் இறங்கின. 1944-க்குப் பின் அப்பறவையைக் கண்டார் எவருமிலர்.

வாத்தின் வரலாறு வேறு விதமாகச் சென்றது. 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் 42 வாத்துக்களைப் பிடித்து, எலிகள் ஒழிக்கப்பட்டிருந்த மிட்வேக்குக் கொண்டு சென்றனர். சில ஆண்டுகளுக்குள் அவை நூற்றுக்கணக்காயின. 2008-ல் நீர்நிலைகளில் பொட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சு தோன்றி 160-க்கு மேற்பட்ட வாத்துக்களைக் கொன்றது. எனினும் லேசானில் ஒரு கூட்டம் நலமாக இருந்தது. மிட்வேயில் எஞ்சியவையும் மீண்டும் பெருகின. 2014-ல் கூரே என்னும் மூன்றாந் தீவிலும் 28 வாத்துக்களை விட்டனர். தாழைக்கோழியின் பழைய பாடத்தைக் கற்றவர் செயல் இது. ஒரு தீவில் ஆயிரம் பறவை இருப்பதும், மூன்று தீவுகளிற் பகிர்ந்து ஆயிரம் இருப்பதும் தொகையால் ஒன்றே, உறுதியால் ஒன்றல்ல.

அவ்வுறுதியை அளப்பதற்கெனக் கணித சாஸ்திரம் வகுத்துள்ள முறை ஒன்று உண்டு. அதன் அடிப்படை பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கும். ஆக்ஸ்போர்டில் பிராணிகளின் தொகையை ஆராய்ந்து வந்த லெஸ்லி என்பார் 1945-ல் அதனை அட்டவணை வடிவில் அமைத்துக் கொடுத்தார். குஞ்சு, இளம்பறவை, முதிர்ந்த பறவை எனப் பருவங்களை வகுத்துக்கொள்க. ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கு எத்தனை அடுத்த ஆண்டு வரை உயிர்வாழும், முதிர்ந்த பெட்டை ஒன்று சராசரி எத்தனை குஞ்சுகளைப் பறக்கும் பருவம் வரை வளர்க்கும் என்னும் எண்களை அட்டவணையில் நிரப்பி இவ்வாண்டுத் தொகையோடு பெருக்க, அடுத்த ஆண்டுத் தொகை கிடைக்கும். பின்வந்தோர் இதனோடு தற்செயலையும் கூட்டினர். நல்ல ஆண்டு, தீய ஆண்டு, கொள்ளைநோய் ஆண்டு ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது போலக் கணிப்பொறியை எடுக்கச் செய்து, ஒரே இனத்தின் நூறாண்டு வாழ்வை ஆயிரம் முறை நடத்திப் பார்த்து, அவ்வாயிரத்துள் எத்தனை முறை அது அற்றுப்போகின்றது என்று எண்ணுவர். மார்க் ஷாஃபர் என்பார் யெல்லோஸ்டோன் பிரதேசத்துக் கரடிகளுக்கு 1970-களின் இறுதியில் இவ்வாறு கணக்கிட்டு வழிகாட்டினார்.

இக்கணக்கு நமக்குக் கற்பிப்பவற்றுள் முதலாவது, சராசரியை நம்பலாகாது என்பது. ஒரு பேச்சுக்குக் கொள்வோம்: ஒரு பறவைக் கூட்டம் நல்ல மழையாண்டில் நூற்றுக்கு முப்பது வீதம் பெருகுகின்றது, மழை பொய்த்த ஆண்டில் நூற்றுக்கு முப்பது வீதம் குறைகின்றது, இரண்டும் மாறி மாறி வருகின்றன. கூட்டலும் கழித்தலும் ஒத்திருப்பதால் தொகை நிலைத்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆயிரம் பறவை முதலாண்டில் 1,300 ஆகும்; மறு ஆண்டில் அதில் முப்பது வீதம் குறைய 910 ஆகும். பத்தாண்டு முடிவில் எஞ்சுவன ஏறத்தாழ 624. எந்த ஆண்டிலும் எவரும் ஒரு பறவையையும் வேட்டையாடவில்லை. குளம் ஒன்றும் தூர்க்கப்படவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை பெருக்கத்தைக் கண்டு நாம் மகிழ்ந்துகொண்டேயிருந்தோம். அதற்கிடையே மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மறைந்துவிட்டது. இதனைத் தாளில் எழுதிப் பார்க்கும் வரை யாமும் நம்பவில்லை என்பதை ஒளிப்பானேன்?

இரண்டாவது பாடம் இதனினும் நுட்பமானது. கடையநல்லூர்க்குக் கிழக்கே ஒரு குளக்கரையில் சென்ற தை மாதத்தில் யாம் நின்றுகொண்டிருந்தோம். நீர் நிரம்பியிருந்தது, பறவைகளும் மிகுதி. வயலுக்கு நீர் பாய்ச்சுதற்கு மடையருகே வந்த பெரியவர் ஒருவர் எம் கையிலிருந்த தொலைநோக்கியையும் புத்தகத்தையும் பார்த்து, “தம்பி, இதெல்லாம் இங்கே மேய்ச்சலுக்கு வருகிறவை. கூடு கட்டுவது இங்கே இல்லை. முன்னே உள்வாயில் கருவேலமரம் நின்றது, அப்போது கட்டும். மரத்தை ஏலம் விட்டார்கள், அப்புறம் கட்டினதை நான் பார்க்கவில்லை” என்றார். யாம் அன்று எண்ணி எழுதிய தொகை சரியானதே. எனினும் அத்தொகையினும் அவர் கூறிய நான்கு வாக்கியங்களில் செய்தி மிகுதி.

அச்செய்திக்கு அறிஞருலகில் ஒரு பெயர் உண்டு. புல்லியம் என்பார் 1988-ல் எழுதிய கட்டுரையொன்றில் உயிரினங்களின் உறைவிடங்களை ஊற்று என்றும் வடிகால் என்றும் இருவகையாகப் பிரித்தார். தனக்கு வேண்டியதற்கு மேலாகக் குஞ்சுகளை வளர்த்து வெளியே அனுப்பும் இடம் ஊற்று. தன்னிடத்தில் இறப்பது பிறப்பினும் மிகுந்திருந்தும், பிற இடத்தினின்றும் வருவனவற்றால் நிரம்பியிருப்பது வடிகால். கரைமீது நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சில வேளைகளில் வடிகாலே கூட்டம் மிகுந்ததாகவும் இருக்கும். ஊற்று அடைபட்டாலோ, பல வடிகாற் குளங்கள் சில ஆண்டுகளில் காரணந் தெரியாமல் வெறுமையாகும்.

நம் பக்கத்து ஊற்றுக்கள் சில நாடறிந்தவை. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் நீர்நிலைகளின் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்திலும் ஊருக்குள்ளும் உள்ள மரங்களிற் கூடு கட்டுவதையும், ஊரார் அவற்றின் பொருட்டு வெடி வெடித்தலையும் விட்டு, கூட்டினின்றும் விழுந்த குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்ப்பதையும் நேயர் கேட்டிருப்பர். திருப்புடைமருதூரில் கோயிலைச் சூழ்ந்த மரங்கள் 2005-ல் பறவைகளுக்கான பாதுகாப்பிடமாயின. இவ்வூரார் செய்த அறத்திற்கு நம் ஜில்லாக்கள் கடமைப்பட்டன. ஆனால் யாம் அஞ்சுவது, ‘இரண்டு ஊற்று உள, அவை காவலில் உள, மற்றக் குளங்கள் எக்கேடு கெட்டாலும் பறவை அழியாது’ என்னும் எண்ணத்தையே. மிட்வேயின் தாழைக்கோழியை நினைவு கூர்க. எலி ஒன்று போதும். இங்கே எலிக்குப் பதிலாக ஒரு வறட்சி போதும். 2016-ம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு அறுபது வீதத்திற்கு மேல் குறைந்தபோது, சரணாலயம் என்னும் பலகை ஒரு குளத்திற்கும் நீர் கொண்டுவரவில்லை.

இவ்விடத்தில்தான் கடையநல்லூர் போன்ற மலையடிவாரத்துக் குளங்களின் மதிப்பு விளங்குகின்றது. தீவுகள் பலவாயிருத்தலால் வரும் பயன், அவை ஒரே காலத்தில் ஒரே தீமைக்கு ஆளாகாமையால் வருவது. எல்லாக் குளங்களும் ஒரே மேகத்தை நம்பியிருந்தால், நூறு குளமாயினும் கணக்கில் ஒரு குளமே. கிழக்கே மானாவாரி நிலத்துக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கியிருப்பவை. மலையடிக் குளங்களோ இருவழியிலும் நீர் பெறுகின்றன. தென்மேற்குப் பருவத்தின் சாரலால் மலையோடைகள் ஓடுகின்றன. வடகிழக்குப் பருவத்திலும் மலை மழையைத் தடுத்து இறக்குகின்றது. கடையநல்லூருக்கு மேற்கே 72 அடி கொள்ளளவுமட்டமுள்ள அணை கட்டப்பட்டிருக்கும் கருப்பாநதி, கால்வாய்களால் குளத்தை நிரப்பி, அக்குளத்தின் மறுகால் அடுத்த குளத்தை நிரப்ப, இவ்வாறு சங்கிலியாய்க் கிழக்கே செல்கின்றது. எஞ்சிய நீர் சிற்றாற்றின் வழியே தாமிரபரணியைச் சேர்கின்றது. ஆதலின் நாங்குநேரிக் குளமும் கடையநல்லூர்க் குளமும் ஒரே ஆண்டில் ஒரே அளவில் வற்றுவன அல்ல. கூந்தன்குளத்தில் கூடு கட்ட வழியில்லாத ஆண்டில் சில நூறு இணைகளேனும் இங்கே குஞ்சு வளர்க்கக் கூடுமாயின், யாம் மேலே எழுதிய கணக்கில் முப்பது வீத நஷ்டம் இருபதாகக் குறையலாம். அங்ஙனம் குறைந்தால், 1,300 ஆனது 910-க்கு இறங்காமல் 1,040-ல் நிற்கும். தேய்ந்துகொண்டிருந்த கூட்டம் வளரத் தொடங்கும். பட்டியலில் ஏறாத சில்லறைக் குளங்கள் செய்யக்கூடிய வேலை இது.

செய்யக்கூடியது என்கின்றோமேயன்றிச் செய்கின்றது என்று கூறவில்லை. கருவேலமரம் இல்லாத குளத்தில் நாரை எங்ஙனம் கூடு கட்டும்? நம் பக்கத்தில் பெரிய பறவைகள் தை, மாசியில் கூடு கட்டத் தொடங்கி, குஞ்சுகள் பறப்பதற்குச் சித்திரை, வைகாசி கடந்துவிடுகின்றது. அதே மாதங்களில்தான் பிசான அறுவடை முடிந்து குளம் இறங்குகின்றது. மீன்பாசிக் குத்தகைக்காரர் எஞ்சிய நீரையும் வடிக்க விரும்புகின்றார். மர ஏலமும் நீர் வற்றிய பின்னரே வசதியாகின்றது. ஜனவரியில் எண்ணிச் சென்றவர் இவற்றுள் ஒன்றையுங் காண்பதில்லை.

ஹவாயின் பெருந்தீவுகளில் நம் நெடுங்கால் உள்ளானுக்கு மிக நெருங்கிய உறவான ஒரு பறவை உண்டு. அதன் நிலையை நம் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். சேம்பு பயிரிடும் நீர்வயல்களும் தாழ்நிலச் சதுப்புக்களுமே அதன் வாழிடம். இன்று மாளிகைகள் நிறைந்துள்ள வைக்கிகிக் கடற்கரை முன்னர் அத்தகைய சதுப்பாக இருந்து, 1920-களில் கால்வாய் வெட்டி வடிக்கப்பட்டது. அன்றியும், நம் தேசத்துக் கீரி 1872-ல் ஜமைக்காவிற்குச் சென்று, அங்கிருந்து 1883-ல் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்கவென்று ஹவாய்க்குச் சென்று, எலியை விட்டுத் தரையிலுள்ள முட்டைகளைத் தின்னத் தொடங்கிற்று. (பாம்பைக் கொல்லும் வீரன் என்று நாம் போற்றும் பிராணிக்கு அயல்நாட்டில் இப்பெயர்!) அங்கே நீர்ப்பறவைகளை மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை எண்ணுகின்றனர். கூடு எத்தனை, பொரித்தவை எத்தனை, பறந்தவை எத்தனை என்றும் பார்க்கின்றனர். அதனாலேயே ரீட், எல்ஃபிக், ஓரிங் என்னும் மூவர் 1998-ல் அப்பறவையின் எதிர்காலத்தைக் கணக்கிட்டு வெளியிட முடிந்தது. அவ்வுள்ளான்கள் மொத்தம் ஓராயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரையே. நம் குளங்களில் அதனினும் எத்தனையோ மடங்கு பறவைகள் உள. அவற்றின் குஞ்சுக் கணக்கோ நம் கையில் இல்லை.

இக்கொள்கைக்கு மாறாகக் கூறப்படுவன சில உண்டு. ஒன்று, குளம் நெல்லுக்காக வெட்டப்பட்டது, நாரைக்காக அன்று என்பது. முற்றிலும் உண்மை, அதனை மறுப்பவர் ஒரு பிசானத்துக்கேனும் கடன் வாங்கிப் பயிரிட்டுப் பார்க்கட்டும். யாம் வேண்டுவது வயலுக்குரிய நீரையன்று. அறுவடைக்குப் பின் அடிமடைக்குக் கீழே தங்கும் நீரையும், உள்வாயின் ஒரு மூலையில் சில மரங்களையுமே. மற்றொன்று, இக்கணக்குகள் ஊகத்திற்கு எண்ணென்னும் ஆடை உடுத்துவன என்பது. இதிலும் உண்மை இல்லாமலில்லை. அட்டவணையில் பொய்யான எண்ணை இட்டால் பொய்யே விளையும். நூறாண்டுக்கு அப்பால் நடப்பதைச் சோதிடம் போலக் கூறும் கணக்கை யாமும் நம்புவதில்லை. ஆனால் அவ்வட்டவணையின் சிறப்பு அதன் விடையிலன்று, அதன் வெற்றுக் கட்டங்களிலேயே உளது. அதனை நிரப்ப உட்காருகின்றவன், தனக்கு எது தெரியும் எது தெரியாது என்பதை முதல் நாளே கண்டுகொள்வான். யாம் நம் பக்கத்துக் கூழைக்கடாவிற்கு அதனை நிரப்ப முயன்றோம். முதிர்ந்தவற்றின் தொகை என்னுங் கட்டத்தில் மட்டும் ஓர் எண் எழுதினோம். பிற கட்டங்கள் வெறுமையாயின.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஜனவரிக் கணக்கில் வழக்கம் போலக் கலந்துகொள்க. அதனோடு ஒவ்வொருவரும் தம் ஊர்க்குளம் ஒன்றை மேற்கொண்டு மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மாதங்களிலும் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சென்று, கரையினின்றும் இறங்காமல், கூட்டினருகே செல்லாமல், கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணி, குளத்தின் நீர்மட்டத்தையும் எழுதி வருக. ஒரு கூடும் இல்லையாயின் ‘இல்லை’ என்றே எழுதுக. அச்சொல்லும் கணக்கிற்கு வேண்டும். கூடு உள்ள குளமாயின், மர ஏலத்தைக் குஞ்சுகள் பறந்த பின், ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளும்படி ஊர்ப் பெரியோரையும் அதிகாரிகளையும் கேட்டுக்கொள்ளலாம். தேதியை மாற்றுவதால் ஏலத்தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. கடையநல்லூர், சங்கரன்கோவில், தென்காசிப் பக்கங்களினின்றும் வரும் மாணவர் விடுமுறைக்குச் செல்லுமுன் எம்மைக் காண்பாராயின், கோடுபோட்ட தாள்களைக் கொடுக்க யாம் ஆயத்தமாயுள்ளோம். அப்பெரியவர் சுட்டிய குளத்தை யாமே வைத்துக்கொண்டோம். அதற்கு வேறொருவர் வரவேண்டியதில்லை.